கார்த்திகையில் தொலைநோக்கி வாங்காதீர்கள்: வன்னியில் வானம் பார்க்கத் தொடங்குவோருக்கு

என் முதல் தொலைநோக்கி கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தது ஒரு ஐப்பசி மாதக் கடைசியில். பெட்டியைப் பிரித்த அன்று பின்னேரமே வடகிழக்குப் பக்கம் கறுத்துவிட்டது. அதன் பிறகு தைப்பொங்கல் வரை நான் ஒழுங்காக வானம் பார்த்த இரவுகள் மூன்று. ஒரு தாழமுக்கம் போக அடுத்த தாழமுக்கம் வந்தது. பக்கத்து வளவு ஐயா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "தம்பி, மாரி தொடங்கேக்கை உதை வாங்கி என்ன செய்யப் போறாய்?" என்று கேட்டார். வயல் செய்கிற அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

புதுத் தொலைநோக்கி வாங்கினால் மேகம் இலவசமாக வரும் என்பது உலகம் முழுக்க வானம் பார்க்கிறவர்களிடம் ஓடித்திரிகிற பகிடி. கண்ணாடி பெரிதானால் மேகமும் பெரிதாம். வன்னியில் அந்தப் பகிடி பெரும்பாலும் உண்மையாகிவிடுகிறது. அதற்குக் காரணம் நாம் வாங்குகிற மாதம். வருட இறுதி மலிவு விற்பனை, நத்தார் விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர், வருடக் கடைசியில் கைக்கு வருகிற காசு என்று எல்லாம் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வந்து விழுகின்றன. எங்கள் வருட மழையின் பெரும்பங்கு விழுவதும் அதே மாதங்களில்தான். இரண்டு மாதம் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெறுத்துப்போய் விற்ற ஒருவரை எனக்குத் தெரியும். இன்னொருவர் அப்படி விற்கக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. காசு சேர்க்க முன் நாட்காட்டியைப் பாருங்கள்

வன்னிக்கு நல்ல வானம் வருவது மாரி விட்ட பிறகு. தை நடுப்பகுதியிலிருந்து பங்குனி வரை உள்ள இரவுகள்தான் என் கணக்கில் முதல்தரம். காலபோக வெட்டு நடக்கிற காலம், மழை குறைவு, காற்றும் அடங்கியிருக்கும். குறை ஒன்றுதான், அது பனி. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது தொலைநோக்கிக்கும் பொருந்தும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பங்குனிக் கடைசி, சித்திரை மாதங்களில் பின்னேர இடிமழை வரும். ஆனால் பல நாட்களில் இரவு எட்டு, ஒன்பது மணிக்குப் பிறகு வானம் திறந்துவிடும். வைகாசி தொடக்கம் ஆவணி வரை மழை மிகக் குறைவு, ஆனால் சோளகம் வீசும். தூசி பறக்கும், குழாய் ஆடும், துண்டு துண்டாக மேகம் ஓடும். இருந்தாலும் பால்வீதியின் நடுப்பகுதி மாலையிலேயே உயர நிற்பது இந்த மாதங்களில்தான், ஆகவே தவறவிடக்கூடாது. ஒக்டோபரில் திரும்பவும் இடி தொடங்கினால் தை வரைக்கும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

எனவே தொலைநோக்கி ஜனவரி நடுவில் உங்கள் கையில் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருவதானால் ஒழுங்குகளைக் குறைந்தது எட்டுக் கிழமைக்கு முன்னே தொடங்குங்கள். ஓகஸ்டில் ஊர்த் திருவிழாவுக்கு வருகிற சொந்தக்காரர் கொண்டுவந்தாலும் நல்லது, செப்டெம்பர் இரவுகள் கொஞ்சம் கிடைக்கும். நவம்பரில்தான் கிடைக்கும் என்றால், வாங்குங்கள், ஆனால் அந்த இரண்டு மாதத்தையும் பழக்கத்துக்கு என்று ஒதுக்கிவிட்டு வாங்குங்கள்.

ஒரு நல்ல இலக்கு சொல்கிறேன். 2027 பெப்ரவரி 10 அளவில் வியாழனும், பெப்ரவரி 19 அளவில் செவ்வாயும் சூரியனுக்கு நேர் எதிரே வருகின்றன. இரண்டும் இரவு முழுக்க வானத்தில் இருக்கும், அதுவும் எங்களுடைய நல்ல மாதத்தில். செவ்வாய் இம்முறை சிறிதாகத்தான் தெரியும். வியாழன் ஏமாற்றாது.

2. எதை வாங்குவது

முதலில் ஒரு பைனோகுலர். 7×50 அல்லது 10×50, அதாவது 7 அல்லது 10 மடங்கு, வாய் 50 மில்லிமீற்றர். இதைச் சொன்னால் பலருக்குப் பிடிக்காது, எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் மழைக்காலத்தில் மேகம் கால் மணித்தியாலம் விலகினால், தொலைநோக்கியை வெளியே தூக்கி வைக்க முன் அது மூடிவிடும். பைனோகுலரை எடுக்க ஒரு நிமிடம் போதும். கார்த்திகை விண்மீன் கூட்டத்தை நான் முதன்முதலில் உண்மையாகப் பார்த்தது அதில்தான்.

தொலைநோக்கியில் கவனிக்க வேண்டியது வாய் விட்டம், அதாவது முன் வில்லையின் அல்லது கண்ணாடியின் அகலம். பெட்டியில் பெரிதாக 525 மடங்கு, 675 மடங்கு என்று அச்சடித்திருந்தால் அதை வைத்துவிட்டு வாருங்கள். பயன்படக்கூடிய உருப்பெருக்கம், விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் அதிகபட்சம் இரண்டு மடங்கு. 70 மில்லிமீற்றர் குழாய்க்கு 140 மடங்குதான் எல்லை. அதற்கு மேலே போனால் பெரிதாகத் தெரியும், தெளிவாகத் தெரியாது.

அடுத்தது குழாயின் நீளம். கண்ணாடித் தொலைநோக்கியில் "114/1000" அல்லது "127/1000" என்று எழுதியிருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது குவியத்தூரம், அதாவது ஒளி ஒரு புள்ளியில் குவிய எடுக்கிற தூரம், இரண்டும் மில்லிமீற்றரில். குழாயோ அரை மீற்றர்தான் இருக்கும். ஒரு மீற்றர் குவியத்தூரம் அரை மீற்றர்க் குழாய்க்குள் எப்படி வந்தது என்று கேளுங்கள். உள்ளே ஒரு வில்லையைச் செருகி நீட்டியிருப்பார்கள். மலிவான குழாய்களில் அந்த வில்லை தெளிவைக் கெடுக்கும், ஒழுங்குபடுத்துவதும் கடினம். நான் முதலில் வாங்கியது அதுதான்.

மூன்றாவது பொறி, ஏற்றம். அதாவது குழாயைத் தாங்கி அசைக்கிற பகுதி. தொலைநோக்கி பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வடக்கே குளிர்நாடுகளில் இருப்பதால் இதை எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். சாய்ந்த அச்சும் எதிர்ப்பாரமும் உள்ள ஏற்றத்தை அதன் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கும்படி வைக்க வேண்டும். கிளிநொச்சி ஏறத்தாழ 9.4 பாகை வடக்கில் இருக்கிறது. ஆகவே துருவ நட்சத்திரம் எங்களுக்கு அடிவானத்திலிருந்து ஒன்பது பாகை உயரத்தில்தான் நிற்கும். பனைக்கும் வேலிக்கும் புகாருக்கும் பின்னால் அது தெரியவே தெரியாது. அச்சை அவ்வளவு தாழ்த்தினால் எதிர்ப்பாரம் முக்காலியின் காலில் இடிக்கும். என்னுடையது இடித்தது. கால்களைத் திருப்பி, கட்டை வைத்து, நாட்கணக்கில் மினக்கெட்டுக் கடைசியில் விட்டுவிட்டேன். மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் அசைகிற எளிய ஏற்றம் வாங்குங்கள். டொப்சோனியன் என்று சொல்கிற மரப்பெட்டி ஏற்றம் அந்த வகை. வன்னிக்கு அதுதான் சரி.

என் தெரிவு: 130 மில்லிமீற்றர் விட்டம், 650 மில்லிமீற்றர் குவியத்தூரம் உள்ள மேசை டொப்சோனியன். ஆறேழு கிலோதான், மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவர் மடியில் வைத்துக் கொண்டுபோகலாம். 150 அல்லது 200 மில்லிமீற்றர் இன்னும் நல்லது. ஆனால் அந்தக் குழாய் ஏறத்தாழ 1.2 மீற்றர் நீளம். 200 மில்லிமீற்றர் என்றால் அடிப்பெட்டியோடு சேர்த்து இருபது கிலோ வரும். ஓட்டோ பிடிக்க வேண்டும்.

பெட்டியோடு வருகிற பார்வைத்துண்டுகள், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கிற சிறிய வில்லைக் குழல்கள், 1.25 அங்குல அகலமா என்று பாருங்கள். 0.965 அங்குலம் என்றால் பின்னர் மாற்று வாங்க முடியாமல் அலைவீர்கள்.

3. காசும் கடிதங்களும்

வெளிநாட்டு விலையில் 130 மில்லிமீற்றர் மேசைத் தொலைநோக்கி 200 முதல் 300 டொலர், 150 மில்லிமீற்றர் டொப்சோனியன் 350 முதல் 450, 200 மில்லிமீற்றர் 500க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது பொருளின் விலை மட்டும். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். சுங்க வரி கணக்கிடப்படுவது பொருளின் விலை, அனுப்புகூலி, காப்புறுதி மூன்றும் சேர்ந்த தொகைக்கு. பெட்டி பெரிதாக இருப்பதால் அனுப்புகூலி பாரத்துக்கு இல்லாமல் அளவுக்கு அறவிடப்படும். சிலவேளை அது பொருளின் பாதி விலையைத் தொடும்.

கணக்கு ஒன்று: பொருள் 250 டொலர், அனுப்புகூலியும் காப்புறுதியும் 120 டொலர். மொத்தம் 370. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம், அதுவே குறைந்தது 67 டொலர். சுங்கத் தீர்வை, துறைமுக விமான நிலைய அறவீடு போன்றவை இருந்தால் அவை தனி, அவற்றுக்கு மேலேயும் பெறுமதி சேர் வரி ஏறும். ஆகவே 250 டொலர்த் தொலைநோக்கிக்கு 500 டொலர் பெறுமதியான ரூபாவைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மிஞ்சினால் ஒரு நல்ல பார்வைத்துண்டு வாங்கலாம்.

தொலைநோக்கிகளின் சுங்கத் தலைப்பு எண் 9005. விற்பவரிடம் பற்றுச்சீட்டில் "வானியல் தொலைநோக்கி" என்று முழுதாக எழுதி, இந்த எண்ணையும் போடச் சொல்லுங்கள். எனக்குப் பாகம் ஒன்று அனுப்பியவர் வெறுமனே "ஸ்கோப்" என்று எழுதிவிட்டார். துப்பாக்கியில் பொருத்துகிற குறிநோக்கிக்கும் அதே சொல்தான், அதற்குத் தலைப்பு எண் வேறு, 9013. பொதி இடையில் நின்றது, விளக்கக் கடிதம், படம், பற்றுச்சீட்டுப் பிரதி என்று மூன்று தடவை அனுப்ப வேண்டியிருந்தது. எங்கள் மாவட்ட முகவரிக்கு வருகிற பொதியில் இப்படி ஒரு சொல் இருப்பது எவருக்கும் நல்லதல்ல.

வைத்திருக்க வேண்டியவை: விலை போட்ட பற்றுச்சீட்டு, காசு செலுத்திய அத்தாட்சி, தேசிய அடையாள அட்டைப் பிரதி, பொதியின் தொடர் இலக்கம், பொருளின் படம். வைஃபை உள்ள தானியங்கித் தொலைநோக்கி என்றால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பற்றி வாங்க முன்னரே கேட்டுவிடுங்கள். முதல் தொலைநோக்கிக்கு அது தேவையே இல்லை என்பது என் எண்ணம்.

சொந்தக்காரர் கையில் கொண்டுவருவதானால் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 சென்ரிமீற்றருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பல விமான சேவைகளின் எல்லை அது. கண்ணாடியை உடுப்புக்குள் சுற்றிக் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். பவர் பாங்க் கைப்பையில்தான் வர வேண்டும். பச்சை லேசர் விளக்கைக் கொண்டுவரவே வேண்டாம்.

4. பெட்டி வந்த அன்று

மேகமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, இன்றைய வேலை பகலில் செய்கிற வேலை.

குழாயின் மேலே உள்ள சிறிய தேடுகருவியைப் பகலிலேயே பெரிய குழாயோடு பொருத்திவிடுங்கள். ஒரு கிலோமீற்றர் தள்ளி நிற்கிற பனை வட்டையோ கைபேசிக் கோபுரத்தையோ 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டில் நடுவுக்குக் கொண்டுவந்து, தேடுகருவியின் திருகாணிகளைத் திருப்பி அதிலும் அதே இடம் நடுவில் வரச் செய்யுங்கள். படம் தலைகீழாகத் தெரிந்தால் பழுது இல்லை, கண்ணாடித் தொலைநோக்கி அப்படித்தான். முகாம்கள் இருக்கிற திசையைத் தவிருங்கள்.

சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பாதீர்கள். ஒரு கணம் போதும், கண் போய்விடும். மலிவுப் பெட்டிகளில் பார்வைத்துண்டில் திருகுகிற கறுத்தச் சூரிய வடிகட்டி ஒன்று வரும். அது வெப்பத்தில் வெடிக்கும். உடைத்து எறியுங்கள், பிள்ளைகள் எடுக்கக்கூடிய இடத்தில் வைக்காதீர்கள். 2027 ஓகஸ்ட் 2 பின்னேரம் பகுதிச் சூரிய கிரகணம் எங்களுக்கும் தெரியும். அதற்குக் குழாயின் முன் வாயை முழுதாக மூடுகிற சூரிய வடிகட்டித் தாள் வேண்டும். அதை இப்போதே வாங்கி வையுங்கள், கிரகணம் கிட்ட வந்தால் கிடைக்காது.

5. மாரியில் பாதுகாப்பது

மேகத்தைவிடப் பெரிய எதிரி பூஞ்சணம். மேகம் போய்விடும், பூஞ்சணம் கண்ணாடியின் பூச்சைத் தின்றுவிட்டுத்தான் போகும். தொலைநோக்கியை அது வந்த பஞ்சுப் பெட்டிக்குள் அடைத்து அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடாதீர்கள். பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். நான் இரண்டு மாதம் அப்படி வைத்து ஒரு பார்வைத்துண்டை இழந்தேன்.

பார்வைத்துண்டுகளை இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் மெல்லிய சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடலாம். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்வார்கள், வேண்டாம், தவிடும் தூசியும் வில்லையில் ஒட்டும். குழாயை மூடிபோட்டு, காற்றோட்டமுள்ள அறையில் சுவரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். பத்து நாளுக்கு ஒருக்கால் வெயில் எறிக்கிற பகலில், நிழலில், மூடியைத் திறந்து ஒரு மணித்தியாலம் விடுங்கள். பிரதான கண்ணாடியைத் துணியால் துடைக்காதீர்கள். கொஞ்சம் தூசி எதையும் கெடுக்காது, துடைத்த கீறல் கெடுக்கும்.

6. இடம்

ஏ9 வீதி விளக்குகளிலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே போனாலே வானம் மாறிவிடும். துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்து இருட்டை யாழ்ப்பாண நகரத்தில் இருப்பவர்கள் காசு கொடுத்தும் வாங்க முடியாது.

எனக்குப் பிடித்தது குளக்கட்டு. இரணைமடுவில் கட்டு குளத்தின் வடபுறத்தில் இருப்பதால், அதில் நின்று தெற்கே பார்த்தால் முன்னால் தண்ணீர்தான், மரம் மறைக்காது. எங்களுக்குத் தெற்குத்தான் முக்கியம். மே நடுப்பகுதியில் இரவு ஒன்பது மணிக்குத் தென்சிலுவை இருபது பாகை உயரத்தில் நேர் தெற்கே நிற்கும். அதற்கு இடது பக்கம், கொஞ்சம் உயரத்தில் ஒமேகா சென்ரோரி என்கிற நட்சத்திரக் கொத்து. வெறுங்கண்ணுக்கு மங்கிய ஒரு நட்சத்திரம், 130 மில்லிமீற்றரில் மணல் அள்ளித் தூவியது மாதிரி. இலண்டனில் இருக்கிற என் மச்சானுக்கு எவ்வளவு விலை கொடுத்தாலும் வீட்டிலிருந்து அது தெரியாது. கட்டில் இரவு நிற்க முன் அங்கே கடமையில் இருப்பவரிடம் கேளுங்கள். தண்ணீருக்குக் கிட்டப் பனி கூட என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

பாதுகாப்பு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மிதிவெடி அகற்றி ஒப்படைக்கப்படாத காணிக்குள், மண்டையோட்டுப் பலகை நிற்கிற பக்கம், ஒரு அடிகூட வைக்காதீர்கள். நல்ல இருட்டு என்று புதுக்காட்டுப் பாதையில் இறங்காதீர்கள், பகலில் பார்த்துப் பழகிய இடத்துக்கு மட்டும் போங்கள். யானை வருகிற ஊர் என்றால் ஊராரிடம் கேட்டுவிட்டு, தனியே போகாதீர்கள். புடையனுக்கு நீண்ட சப்பாத்து, நல்ல ரோச். கிராம அலுவலருக்கு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அடையாள அட்டையும் பற்றுச்சீட்டும் சட்டைப் பையில் இருக்கட்டும். இரவில் முக்காலியில் குழாய் நின்றால் ஆராவது வந்து கேட்கத்தான் செய்வார்கள். நிலாவைக் காட்டுங்கள். கேட்க வந்தவர் கடைசியில் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போனதைக் கண்டிருக்கிறேன்.

7. முதல் இரவு

போயா விடுமுறை என்று பௌர்ணமியில் தொடங்காதீர்கள். எல்லோரும் செய்கிற பிழை அது. முழுநிலவு கண்ணைக் கூசவைக்கும், நிழலே இல்லாததால் பள்ளங்களும் தெரியாது, நட்சத்திரங்களையும் அழித்துவிடும். வீட்டில் தொங்குகிற பஞ்சாங்க நாட்காட்டியில் வளர்பிறை அட்டமியைப் பாருங்கள். அன்று மாலை அரைநிலவு உச்சியில் நிற்கும், இருளும் ஒளியும் சந்திக்கிற கோட்டில் ஒவ்வொரு பள்ளமும் வெட்டிவைத்த மாதிரித் தெரியும். பால்வீதியும் விண்மீன் கூட்டங்களும் வேண்டுமென்றால் அமாவாசையை ஒட்டிய நாட்கள்.

சீமெந்துத் தரை பகல் சூட்டை இரவிலும் விடும், படம் கொதிக்கிற தண்ணீர் மாதிரி ஆடும். மண் முற்றத்தில் வையுங்கள். குழாயை அரை மணித்தியாலம் முன்னே வெளியே எடுத்து ஆறவிடுங்கள். தை, மாசியில் குழாயின் வாயைச் சுற்றிக் கறுத்த ரப்பர்ப் பாயில் ஒரு முழ நீளக் கூடு செய்து மாட்டினால் பனி இறங்க நேரமெடுக்கும். ரோச்சுக்குச் சிவப்புப் பொலித்தீன் கட்டுங்கள். 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டில் தேடுங்கள், கண்டுபிடித்த பிறகு 10 மில்லிமீற்றருக்கு மாற்றுங்கள். எண் குறைந்தால் உருப்பெருக்கம் கூடும்.

8. இடையில் மேகம் வந்தால்

புறப்பட முன் கைபேசியில் விண்டி போன்ற செயலியில் மேகப் படத்தைப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு வெளியே வந்து எந்தத் திசையில் இடி குவிகிறது என்று பாருங்கள். பக்கத்தில் வயல் செய்கிறவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள். என் பக்கத்து வளவு ஐயா சொல்வது செயலியைவிடக் கூடுதலான நாள் சரியாக வந்திருக்கிறது.

வானம் மூடினால் உடனே கழற்றாதீர்கள். குழாயின் இரண்டு பக்கமும் மூடியைப் போட்டு, ஒரு துணியால் மூடிவிட்டு, நாற்பது நிமிடம் காத்திருங்கள். சித்திரை, வைகாசியில் பாதி நாட்களில் திறக்கும். மழை கழுவிவிட்ட வானம் திறந்தால் அதைவிடத் தெளிவான வானம் கிடையாது, அந்த நேரம் நித்திரைக்குப் போயிருந்தால் அடுத்த நாள் கவலைப்படுவீர்கள். குளிர்காற்று திடீரென்று அடித்தாலோ, மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடைவெளி குறைந்தாலோ காத்திருக்க வேண்டாம். வெளியில் உயர்ந்து நிற்பது நீங்களும் முக்காலியும்தான், உடனே உள்ளே கொண்டுபோங்கள். உள்ளே வைத்தவுடன் மூடிகளைக் கழற்றி, குழாயைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சரித்து, கண்ணாடியில் பிடித்த ஈரம் தானாகக் காயும்வரை விடுங்கள். காய்ந்த பிறகு மூடியைப் போட்டுவிட்டுப் படுங்கள்.